வீட்டுக்குள் ஒரு தொழிற்கூடம்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் ஓரகத்திகள் இருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வீட்டில் இருந்தபடியே இணையதளம் வடிவமைக்கும் தொழிலைப் பற்றி நம் பெண்களுக்குச் சில வார்த்தை சொல்லுங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டபோது நாங்கள் தயங்கினோம். மேடையேறிப் பழக்கம் இல்லாதவர்கள் நாங்கள். தூத்துக்குடியில் ஒரே வீட்டில் மாடியிலும் கீழுமாகக் குடியிருக்கும் ஓரகத்திகள். இருவருக்குமாகப் பிள்ளைகள் நால்வர். பேசுவதானால் கிடைத்ததை மட்டும் பேசக் கூடாது, பட்ட அடியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறோம்.

முதலில், இணையதளம் என்றால் என்ன என்பதை எளிய முறையில் சொல்லிவிடுகிறோம். அதை ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஒரு விலாசம் வேண்டும். அதுதான் டொமைன் எனப்படும் தள முகவரி. கடை வைக்க ஓர் இடம் வேண்டும், அதுதான் ஹோஸ்டிங். இரண்டுக்கும் ஆண்டுதோறும் வாடகைபோலப் பணம் கட்ட வேண்டும். கடைக்குள்ளே எந்தப் பொருளை எங்கே அடுக்குவது, வந்தவர் தேடியது சட்டென்று கண்ணில் படுமாறு எப்படி வைப்பது என்பதுதான் எங்கள் வேலை. அலமாரி அடுக்கத் தெரிந்த பெண்ணுக்கு இந்த வேலையில் பாதி முன்பே தெரியும் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நமக்கு முன் நடந்த பெண்கள்

கணினித் தொழில் ஆண்களுக்கு உரியது, அதுவும் பெரிய அலுவலகத்தில்தான் நடக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். வரலாறு வேறு விதமாக இருக்கிறது.

இணைய வலையை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ. அவர் 1989-இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் அதற்கான திட்டத்தை எழுதினார். 1993 ஏப்ரல் 30-ஆம் நாள், யாரும் உரிமைத் தொகை செலுத்தாமல் பயன்படுத்தலாம் என்று அந்த நிறுவனம் அதை உலகுக்கு விட்டுக்கொடுத்தது. நாங்கள் இருவரும் இன்று பிழைப்பது அந்தப் பெருந்தன்மையால்தான். இந்த டிம் அவர்களின் தாயார் மேரி லீ, 1950-களின் தொடக்கத்தில் மான்செஸ்டரில் பெரான்டி மார்க் 1 என்ற கணினிக்கு நிரல் எழுதியவர். அங்கே பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான ஊதியம் வேண்டும் என்று வாதாடியவர். பிள்ளைகள் பிறந்தபின் வீட்டிலிருந்தே நிரல் எழுதும் வேலையை ஏற்றுச் செய்தவர்.

இன்னொருவர் ஸ்டெபனி ஷெர்லி. நாஜிகளுக்குத் தப்பி 1939-இல் சிறுமியாக இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். 1962-இல் வெறும் 6 பவுண்டு முதலில், குழந்தை பெற்று வீட்டில் இருக்கும் பெண்களைக் கொண்டே நிரல் எழுதும் நிறுவனம் தொடங்கினார். பெண் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. எனவே "ஸ்டீவ்" என்று கையெழுத்திட்டார். தொலைபேசியில் பேசும்போது குழந்தையின் அழுகுரல் கேட்டுவிடக் கூடாதே என்று, தட்டச்சு ஓசையை ஒலிநாடாவில் பதிந்து பின்னணியில் ஓடவிட்டாராம். முதலில் சேர்ந்த 300 பேரில் ஆண்கள் மூவர் மட்டுமே. கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் வேலை, வீட்டில் இருந்த அந்தப் பெண்கள் கையால் நடந்தது. அந்த அம்மையார் 2025-இல் காலமானார். அவர் தட்டச்சு ஓசையை ஓடவிட்டார். நாங்கள் குக்கர் விசிலுக்குப் பயந்து அடுப்பை அணைத்துவிட்டு வாடிக்கையாளரிடம் பேசியிருக்கிறோம். அறுபது ஆண்டுகளில் ஓசைதான் மாறியிருக்கிறது!

மணிக்கு 40 ரூபாய்

நாங்கள் 2017-இல் கற்கத் தொடங்கினோம். எங்களில் மூத்தவள் வணிகவியல் படித்தவள். இளையவள் ஒரு அச்சகத்தில் பக்கம் அமைத்தவள். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். ஆகியவற்றை டபிள்யூ3ஸ்கூல்ஸ், ஃப்ரீகோடுகேம்ப் போன்ற இலவசத் தளங்களில் படித்தோம். அதன்பின் வேர்ட்பிரஸ். 2003-இல் வெளியான இந்த மென்பொருளை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். உலகில் உள்ள இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேல் அதில்தான் நடக்கின்றன. பிள்ளைகளின் பாடப் புத்தகத்துக்குப் பக்கத்தில் எங்கள் பாடக் குறிப்பும் ஓராண்டு காலம் கிடந்தது.

2018-இல் ஒரு தையற்கடைக்கு முதல் தளம் செய்து கொடுத்தோம். கூலி 6,000 ரூபாய். முகவரிக்கும் இடத்துக்கும் எங்கள் கையிலிருந்து 2,400 ரூபாய் கட்டினோம். மீதி 3,600. வேலை முடிந்தபின்தான் நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். இருவரும் சேர்ந்து 90 மணி நேரம் உழைத்திருந்தோம். மணிக்கு 40 ரூபாய்! இன்னும் கொஞ்சம் குறைத்திருந்தால், வேலை கொடுத்ததற்காக நாங்கள்தான் அவர்களுக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டும்.

பெண்கள் வீட்டிலிருந்து எந்தத் தொழில் செய்தாலும் செய்யும் பிழை இதுதான். "வீட்டில்தானே இருக்கிறோம், வாடகையா, வண்டிச் சத்தமா?" என்று நம் நேரத்துக்கு நாமே விலை வைக்காமல் விடுகிறோம். நாமே மதிக்காத நேரத்தைப் பிறர் மதிப்பார்களா?

இப்போது நாங்கள் கணக்கிடும் முறை இது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின் காலை 9.30 முதல் 12.30 வரை 3 மணி நேரம்; இரவு அவர்கள் தூங்கிய பின் ஒன்றரை மணி நேரம். வாரத்தில் 5 நாள் என்றால் இருவருக்குமாக 45 மணி. அதில் பேச்சு, கடிதம், கணக்கு, கற்பது எல்லாம் போகக் கூலி கிடைக்கும் வேலை 30 மணிதான் தேறும். மாதம் 120 மணி. இருவருக்கும் சேர்த்து 40,000 ரூபாய் வீட்டுக்கு வர வேண்டும். மின்சாரம், இணையம், கணினித் தேய்மானம் என்று 5,000 ரூபாய் செலவு. ஆக 45,000-ஐ 120-ஆல் வகுத்தால் மணிக்கு 375 ரூபாய். நடுத்தரமான ஒரு தளத்துக்கு 60 மணி ஆகும். எனவே 22,500 ரூபாய். இந்தத் தொகைகள் உங்களுக்கு வேறாக இருக்கலாம். வகுத்துப் பார்க்கும் வழக்கம் மட்டும் எல்லாருக்கும் வேண்டும்.

2019-இல் ஒரு நிறுவனம் எங்களை ஒன்பது முறை மாற்றி மாற்றிச் செய்ய வைத்தது. வேலையைக் கையில் வாங்கிக்கொண்டு, பாக்கிப் பாதிப் பணத்தைக் கடைசிவரை தரவில்லை. எழுத்தில் எதுவும் இல்லாததால் நாங்கள் கேட்கவும் வழியில்லை. அழுது முடித்தபின் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதினோம்: எத்தனை பக்கங்கள், எத்தனை நாள், திருத்தம் இரண்டு முறைதான், அதற்குமேல் மணிக்கு இவ்வளவு. முன்பணம் 40 விழுக்காடு; மாதிரியை ஏற்றதும் 30; தளத்தைத் திறக்கும் முன் மீதி 30. இதைக் காட்டிய பின் சிலர் விலகிப் போனார்கள். இருந்தவர்கள் ஒழுங்காகக் கொடுத்தார்கள்.

விழுந்த பல்

இனிச் சொல்லப்போவதை இங்கு வரும் முன் இரண்டு முறை எழுதி இரண்டு முறை அடித்தோம். இருந்தாலும் சொல்லிவிடுகிறோம்.

2020 மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு வந்தது. ஒருவர் கணவருக்கு லாரி புக்கிங் அலுவலகத்தில் இரண்டு மாதம் சம்பளம் இல்லை. மற்றவருக்குப் பாதிச் சம்பளம். அதே நேரத்தில், கடை திறக்க முடியாத வணிகர்கள் எல்லாரும் இணையதளம் கேட்டு வந்தார்கள். இரண்டு குடும்பமும் அந்த ஆண்டு எங்கள் வேலையால்தான் நிமிர்ந்தது. அதுவரை "பெட்டியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று சொல்லிவந்த அத்தை, அரிசி மூட்டை வந்து இறங்கிய அன்று ஒன்றும் பேசாமல் எங்கள் இருவருக்கும் காப்பி போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள்.

ஆனால் வரவு வந்த வேகத்தில் நாங்கள் எல்லையை மறந்தோம். காலை, மாலை, இரவு என்று பாராமல் உட்கார்ந்தோம். ஒருநாள் மாலை எங்கள் ஆறு வயதுப் பெண்ணுக்கு முதல் பல் விழுந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பாட்டியிடம் ஓடிக் காட்டியிருக்கிறாள். "அம்மாகிட்டப் போய்க் காட்டு" என்று அத்தை சொன்னபோது, "வேண்டாம் ஆச்சி, அம்மா வேலையா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். இருந்தது அடுத்த அறையில். பத்தடி தூரம்கூட இல்லை. இரவில் அத்தை சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் வெளி வேலைக்குப் போகாமல் வீட்டுத் தொழிலைத் தேர்ந்துகொண்டோம். உடம்பு வீட்டில் இருந்தால் போதும், தாய் வீட்டில் இருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டோம். அந்தப் பிள்ளை அழுதிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். அவள் பழகிப் போயிருந்தாள்.

மறுநாளே சில விதிகள் செய்தோம். மாலை 4 மணிக்குக் கணினியை மூடிவிட வேண்டும். இரவு பிள்ளைகள் தூங்கும்வரை திறக்கக் கூடாது. ஒப்பந்தத்திலேயே எங்கள் பேச்சு நேரம் காலை 10 முதல் 12 வரை என்று போட்டோம். மாதம் இரண்டு தளங்களுக்கு மேல் ஏற்பதில்லை. மூன்றாமவர் காத்திருக்கலாம், இல்லையேல் வேறு இடம் போகலாம். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒருவர் வேலையை மற்றவர் ஏற்க வேண்டும். தனியாகத் தொழில் செய்யும் பெண்ணுக்கு இந்தக் கடைசி விதிதான் முக்கியம். ஓரகத்தி இல்லையென்றால் ஒரு தோழியையாவது தேடிக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சியின் கடை

ஊரடங்கின்போது ஒரு பேக்கரி அண்ணாச்சிக்குத் தளம் செய்து கொடுத்தோம். நம்மூர் மக்ரூனுக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் கிறிஸ்துமஸ் காலத்தில் எவ்வளவு தேவை என்பது உங்களுக்குத் தெரியும். முகவரியை ஆண்டுதோறும் புதுப்பிப்பது எங்கள் பொறுப்பு. அதற்குப் பராமரிப்புக் கட்டணமும் வாங்கினோம். 2021 டிசம்பர் நடுவில் ஒருநாள் காலை அண்ணாச்சி போன் செய்தார்: "ஏம்மா, வெளியூர்க்காரங்க கடையையே காணோம்னு சொல்லுதாவளே!"

பார்த்தால் முகவரியின் காலக்கெடு முடிந்திருந்தது. பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்பாமல் இல்லை, முறைப்படி அனுப்பியிருந்தது. நாங்கள் பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட ஒரு பழைய மின்னஞ்சலுக்கு அவை போயிருந்தன. தவறு முழுவதும் எங்களுடையது.

இங்கே ஒரு விவரம் தெரிந்துகொள்ளுங்கள். டாட் காம் முகவரி காலாவதியான உடனே பறிபோய்விடாது. ஆனால் தளம் நின்றுவிடும். பதிவு நிறுவனத்தைப் பொறுத்து, அதிகம் போனால் 45 நாள்வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க இடம் கிடைக்கலாம். அது கழிந்தால் 30 நாள் மீட்புக் காலம். அதற்குக் கூடுதல் பணம். அதையும் விட்டுவிட்டால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். எங்களுக்கு முதல் கட்டத்திலேயே தெரிந்தது நல்லதாயிற்று. ஆயினும் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை நான்கு நாள் கடை மூடிக் கிடந்தது. அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம்.

பதிவு நிறுவனத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பியிருக்கலாம். அண்ணாச்சிக்கு இந்த நுட்பமெல்லாம் தெரியாது. அந்த எண்ணம் எங்களுக்கு வராமல் இல்லை. ஆனால் இருவரும் புறப்பட்டு நேரே கடைக்குப் போய், "தப்பு எங்க மேலதான் அண்ணாச்சி" என்று சொன்னோம். ஆண்டுப் பராமரிப்புப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். முந்தைய ஆண்டு வாங்கியவர்களின் பட்டியல் எங்களிடம் இருந்தது. கடையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து இரண்டு நாள் ஒவ்வொருவருக்காகப் போன் செய்து, ஆர்டர்களைக் கையால் எழுதிக் கொடுத்தோம். எல்லா இழப்பையும் அதனால் ஈடுகட்ட முடியவில்லை.

இரண்டாம் நாள் மாலை அண்ணாச்சி சொன்னார்: "தப்பு நடந்தா போனை எடுக்க மாட்டாவ. நீங்க நேர்ல வந்து நிக்கீங்க. சரி, இனி பாத்துக்கிடுங்க." அந்தக் கடை இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து எல்லா முகவரியும் வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவாகும். கடவுச்சொல்லும் அவர்களிடம் இருக்கும். நினைவூட்டல் இரு தரப்புக்கும் வரும். இவற்றுக்கெல்லாம் மேலாக, வீட்டு நாள்காட்டியில் ஒவ்வொரு கடையின் கெடுவுக்கும் ஒரு மாதம் முன்பே சிவப்பு மையால் குறித்துவிடுகிறோம். காலையில் தாள் கிழிப்பது அத்தையின் வேலை. "இன்னைக்கு யாரு கடைக்கும்மா பணம் கட்டணும்?" என்ற குரல் கேட்டால் நாங்கள் எழுந்துவிடுவோம்.

தொழிலில் கற்ற சில

இத்தொழிலுக்கு வர விரும்பும் மகளிருக்குச் சில குறிப்புகள். நம் ஊரில் பெரும்பாலோர் தளத்தைக் கைபேசியில்தான் பார்க்கிறார்கள். எனவே முதலில் சிறிய திரைக்கு வடிவமையுங்கள். கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே போட்டால் பக்கம் திறக்க நேரமாகும், 5 எம்.பி. படத்தை 200 கே.பி.க்குள் சுருக்கிப் போடுங்கள். பிறர் படத்தை அனுமதியின்றி எடுக்காதீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு நன்றாக இருக்கட்டும். நம் பெரியவர்களும் படிக்க வேண்டும் அல்லவா?

தமிழில் செய்வோருக்கு ஒரு தனிக் குறிப்பு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த விளம்பரத்தை அப்படியே ஏற்றினால், பிறர் கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றியே ஏற்ற வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானுக்குள் அவை அடங்கா. நம் எழுத்துகளுக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் உண்டு. ஆகவே வரிக்கு வரி இடைவெளி கூடுதலாக விடுங்கள்.

படி எடுத்து வைப்பதை மறவாதீர்கள். 2023 டிசம்பரில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் வீதிகளும் மூழ்கின. எங்கள் கீழ்வீட்டில் ஒரு கணினி நீரோடு போயிற்று. வாடிக்கையாளர் தளங்களின் படிகள் இணையத்தில் வேறொரு சேமிப்பிடத்தில் இருந்ததால் ஒன்றும் கெடவில்லை.

கணக்கு முறையாக இருக்கட்டும். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதுவும் உங்கள் பெயரில். உத்யம் பதிவைக் கட்டணமின்றி இணையத்திலேயே செய்துகொள்ளலாம். நம் மாநிலத்தில் சேவைத் தொழிலில் ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். வருமான வரிக் கணக்கை ஆண்டுதோறும் தாக்கல் செய்து வாருங்கள். நாளை வங்கியில் கடன் கேட்கும்போது அதுவே உங்களுக்குச் சாட்சி.

"இப்போது செயற்கை நுண்ணறிவே தளம் செய்துவிடுகிறதே, இனி உங்களுக்கு வேலை இருக்குமா?" என்று கேட்கிறார்கள். எங்களுக்கும் அந்தக் கவலை உண்டு. சிறிய வேலைகள் சில குறைந்தும் இருக்கின்றன. நாங்களும் அந்தக் கருவியைப் பயன்படுத்துகிறோம். ஆனால் கருவாடு விற்கும் அக்காவிடம் உட்கார்ந்து, எந்த மாதம் எந்த மீன் வரும், எதைத் தபாலில் அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று கேட்டறிந்து வருவது இன்றும் மனிதர் வேலையாகவே இருக்கிறது. தப்பு நடந்தால் கடை வாசலில் போய் நிற்பதும் அப்படித்தான்.

அன்புத் தாய்மார்களே! வீட்டுத் தொழில் எளிது என்று நாங்கள் சொல்லவில்லை. வீடும் தொழிலும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் ஒன்றை ஒன்று விழுங்கப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே கதவு வைப்பதும், அதைச் சாத்தும் நேரம் திறக்கும் நேரம் அறிவதும் நம் பொறுப்பு. எங்கள் மகளுக்கு இதுவரை பல பற்கள் விழுந்துவிட்டன. அந்த முதல் பல்லுக்குப் பிறகு விழுந்தவற்றையெல்லாம் அவள் எங்களிடம்தான் கொண்டுவந்து காட்டினாள். இதைவிடப் பெரிய வரவு எங்கள் கணக்கு நோட்டில் இல்லை.

கற்க விரும்பும் பெண்கள் சனிக்கிழமை காலை 10 மணிக்கு எங்கள் வீட்டுக்கு வரலாம். கட்டணம் இல்லை. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், அத்தை பார்த்துக்கொள்வார்கள்.